விட்டுப்போன 'அல்ல'

போதகர் பவிதரன் அந்த அறிவித்தலைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மேனுஜாவுக்கு மட்டும் அது கன்னத்தில் அறையாக விழுந்தது.

"திரித்துவ ஞாயிறுக்குப் பேராயர் வாறார். புதுப் பாட்டு ஒண்டு பாடுறம். எழுதி மெட்டுப் போட்டது உசாந்தினி. அவதான் முன்னுக்கு நிண்டு பாடுவா. அது நல்லாப் போனா, பாடகர் குழுவையும் அவட பொறுப்பில விடலாம் எண்டு யோசிக்கிறம்."

கல்முனையில் அந்தச் சின்ன ஆலயத்தின் பாடகர் குழு என்றால் பதினாறு வருடமாக மேனுஜா டீச்சர். சுனாமிக்குப் பிறகு கூரை போட்ட நாளில் பாடியதும் அவள். கொரோனா நேரம் வீட்டுக்குள் இருந்து கைப்பேசியில் பாடி அனுப்பியதும் அவள். உசாந்தினி யார்? திருக்கோவிலில் இருந்து கலியாணம் முடித்து வந்தவள். இருபத்தாறு வயது. அம்மன் கோயிலில் பாடி வளர்ந்தவள். போன வருடம் உயிர்த்த ஞாயிறன்றுதான் ஞானஸ்நானம் எடுத்தாள்.

தலை ஈரம் காயவில்லை. அதற்குள் குழுவா?

மேனுஜா திரும்பிப் பார்த்தாள். நாலாவது வரிசை வாங்கில் உசாந்தினி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் கர்வம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் மேனுஜாவுக்கு இன்னும் எரிந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் பயிற்சி. கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்கு ஸாஜித் வந்திருந்தான். கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, ஆலய விழா எதுவென்றாலும் அந்தப் பகுதிக்கு அவனுடைய பெட்டிகள்தான்.

உசாந்தினி பாடத் தொடங்கினாள். மேனுஜா குறை பிடிக்கத்தான் காதைத் தீட்டி வைத்திருந்தாள். சுருதி நழுவவில்லை. மூச்சு அறவில்லை. மேல் ஸ்தாயியில் அவள் குரல் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து நின்றது. அந்த இடத்துக்குப் போக மேனுஜா இருபது வருடம் முக்கியிருக்கிறாள்.

இரண்டாவது சரணத்தில்தான் அகப்பட்டது.

உசாந்தினியின் ஊர்க் கோயிலில் ஒரு பழக்கம். முன்னுக்கு நிற்பவர் வரியை முழுதாகப் பாடுவார். கூட்டம் அதன் முன்பாதியை மட்டும் எடுத்து நாலு தரம் திருப்பிப் போடும். பாட்டு அப்போதுதான் சூடு பிடிக்கும். அதையே இங்கும் வைத்திருந்தாள்.

"இயேசு படைக்கப்பட்டவர் அல்ல" என்று உசாந்தினி பாடினாள்.

"இயேசு படைக்கப்பட்டவர்" என்று குழு திருப்பிப் பாடியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

மேனுஜாவின் முதுகு நிமிர்ந்தது. தமிழில் 'இல்லை'யும் 'அல்ல'வும் வரியின் வாலில் நிற்கிற சொற்கள். வாலை வெட்டினால் மறுத்தது எல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். கிறிஸ்து படைக்கப்பட்டவர் அல்ல என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கை செய்கிற சபை, பேராயரின் முன்னால் நாலு தரம் நேரெதிரைப் பாடப்போகிறது. ஒலிபெருக்கியில். ஊர் கேட்க.

குழுவில் ஒருவருக்கும் அது படவில்லை. மெட்டு அவ்வளவு இனிப்பு.

பள்ளிவாசலில் இருந்து அஸர் தொழுகைக்கான வாங்கு கேட்டது. வாங்கு முடியும்வரை பயிற்சியை நிறுத்துவது அங்கே வழமை. எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். தொழப் புறப்பட்ட ஸாஜித் மேனுஜாவின் பக்கத்தில் நின்றான்.

"டீச்சர், ஒண்டு கேட்டாக் குறை நினைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"ஈஸா நபி படைக்கப்பட்டவர் எண்டுதான் நாங்க சொல்ற. இப்ப நீங்களும் எங்கட பக்கமா? எங்கட மவுலவி கேட்டா உங்களக் கூப்பிட்டு வட்டிலப்பம் தருவார்."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். மேனுஜா சிரிக்கவில்லை.

"பாட்டில ஆயிரம் இருக்கும். நீ மைக்கப் பாரு ஸாஜித். இதை ஒருத்தரிட்டயும் கதைக்காத."

"சரி டீச்சர். எனக்கென்ன." தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பயிற்சி முடிந்ததும் உசாந்தினி ஓடி வந்தாள். "எப்பிடி அக்கா? பிழையிருந்தாச் சொல்லுங்க. எனக்கு இதுகள் புதுசு."

ஒரு சொல் போதும். 'அல்ல'வையும் சேர்த்துப் பாடச் சொல் என்றால் முடிந்தது. நாக்கின் நுனிவரை வந்தது.

"நல்லா இரிக்கி" என்றாள் மேனுஜா.

சனிக்கிழமை மத்தியானம் கணவன் குணம் சோற்றைப் பிசைந்தபடி அவளைப் பார்த்தான். "ரெண்டு நாளா உப்பில்லாமச் சமைக்கிறாய். என்ன புள்ள பிரச்சின?"

சொன்னாள். குணம் மீன் முள்ளை எடுத்து ஓரம் வைத்தான்.

"அப்ப நீ சொல்லப் போறல்ல."

"நான் என்னத்துக்குச் சொல்ல? எழுதினது அவ. சரி பாத்தது போதகர்."

"குழியில விழப்போறவளக் கண்டும் பேசாம நிக்கிறாய். குழிய நீ வெட்டல்ல, அதுதானே உன்ட நியாயம்?"

"வாய மூடிச் சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். அவள் கைப்பேசியை எடுத்து, உசாந்தினிக்கு 'ரெண்டாவது சரணத்தில' என்றுவரை எழுதினாள். அழித்தாள்.

ஞாயிறு. ஆலயம் நிரம்பி வாசலிலும் ஆட்கள். பேராயர் முன் ஆசனத்தில். உசாந்தினி மைக்கின் முன். மேனுஜா இரண்டாவது வரிசையில், முன்னால் நிற்பவளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் இடத்தில். பதினாறு வருடத்தில் அவள் அந்த வரிசையில் நிற்பது இதுதான் முதல் தரம்.

முதல் சரணத்திலேயே சபை மயங்கிவிட்டது. இரண்டாவது வந்தது.

"இயேசு படைக்கப்பட்டவர் அல்ல..."

"இயேசு படைக்கப்பட்டவர்" என்றது சபை. முன்னூறு வாய்கள். வெளியே குழாய் ஒலிபெருக்கி அதைச் சந்திவரை கொண்டுபோனது.

பேராயரின் தலை மெல்ல நிமிர்ந்தது. கண்ணாடிக்கு மேலால் பாட்டுத் தாளைப் பார்த்தார்.

இதோ. இதற்காகத்தான் மேனுஜா மூன்று நாள் காத்திருந்தாள். இன்னும் மூன்று தரம் போகட்டும். பிறகு எல்லாம் தானாக நடக்கும்.

அப்போதுதான் கனகரெத்தினம் கண்ணில் பட்டார். எழுபது வயதுக் கடல்காரர். எழுத்துத் தெரியாது. வேதத்தைப் பாட்டால் மட்டும் படித்தவர். மேனுஜா இத்தனை வருடமும் பாடிக் கொடுத்ததுதான் அவருடைய முழு விசுவாசமும். கண்ணை மூடி, கையைக் கட்டி, நெஞ்சைத் திறந்து அடுத்த தரத்தைப் பாடிக்கொண்டிருந்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற மனிதன். நாளைக்கு வலை இழுக்கும்போதும் இதைத்தான் பாடுவார்.

"இயேசு படைக்கப்பட்டவர்..."

"அல்ல."

குரல் தன்னுடையது என்று மேனுஜாவுக்கு ஒரு கணம் பிந்தித்தான் தெரிந்தது. வரி முடிந்து அடுத்தது தொடங்குமுன் இருந்த இடைவெளியில், கீழ் ஸ்தாயியில், தனியாக. மேடைக்குப் பக்கத்தில் ஸாஜித்தின் கை சட்டென்று நகர்ந்து அவள் வரிசைக்கு வைத்திருந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டியது.

மூன்றாம் தரம். "அல்ல." இந்த முறை நீட்டிப் பாடினாள். சபை தலையைத் தூக்கியது. நாலாம் தரம் கனகரெத்தினம் அவளோடு சேர்ந்துகொண்டார், வாசலில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒரு சொல் கூரையில் முட்டித் திரும்பி வந்தது.

காப்பாற்றினாளா, அந்த இடைவெளியைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாளா? அது அவளுக்கே தெரியாது.

ஆராதனை முடிந்து போதகரின் அறையில் பேராயர் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். உசாந்தினியையும் மேனுஜாவையும் போதகர் உள்ளே கூப்பிட்டிருந்தார். பேராயர் உசாந்தினியைப் பார்த்துச் சொன்னார்: "பாட்டில எனக்குப் பிடிச்ச இடம் அந்த 'அல்ல'தான். அது இல்லாட்டி ஆரியூஸ் சந்தோசப்பட்டிருப்பான். கிறிஸ்து படைக்கப்பட்டவர் எண்டு ஆயிரத்து எழுநூறு வருசத்துக்கு முந்திச் சொல்லி அடி வாங்கினவன். அவனும் பாட்டுக் கட்டித்தான் அதைப் பரப்பினவன் எண்டு சொல்லுவாங்க. கெட்டிக்காரி மகள், நல்ல யோசன."

உசாந்தினியின் முகம் வெளிறிவிட்டது. தான் என்ன எழுதியிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சிரித்துச் சமாளித்திருக்கலாம். பாராட்டு மடியில் விழுந்து கிடந்தது.

"என்ட யோசன இல்ல ஐயா" என்றாள் உடனே. "நான் பிழையா எழுதிட்டன். அக்காதான் பிடிச்சவ."

போதகரின் முகம் மலர்ந்தது. "பதினாறு வருச அனுபவம் எண்டா சும்மாவா? பாட்டு நடக்கக்குள்ளயே பிடிச்சுத் திருத்திட்டா. நான் அவசரப்பட்டுட்டன் டீச்சர். குழு உங்களோடயே இரிக்கட்டும்."

கிடைத்துவிட்டது. இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

உசாந்தினி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "பெரிய உதவி அக்கா. எந்த இடத்தில கண்டுபிடிச்சீங்க?"

மேனுஜா அவளைப் பார்த்தாள். குரலை விட்டுத் தள்ளு. 'என்ட யோசன இல்ல ஐயா' என்று மூச்சுக்கூட விடாமல் சொன்னாளே, அந்த உண்மை பேசும் வாய். அது தன்னிடம் இல்லை. இவளிடம் எல்லாமே இருக்கிறது. அதையும் இவளிடமே விட்டுவிட்டுப் போவதா? நெஞ்சுக்குள் பழைய நெருப்பு பற்றியது.

"வியாழக்கிழம" என்றாள்.

"என்ன அக்கா?"

"வியாழக்கிழம பயிற்சியிலயே கண்டுட்டன். நீ கேட்டாய். நான் நல்லா இரிக்கி எண்டன். பேராயருக்கு முன்னால நீ அவமானப்பட வேணும் எண்டு நினைச்சன்."

போதகர் கோப்பையை மேசையில் வைத்தார். பேராயர் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

உசாந்தினி கையை விட்டாள். மெதுவாக, ஒரு விரலுக்குப் பிறகு ஒரு விரலாக.

"குழு அவக்குத்தான் ஐயா" என்றாள் மேனுஜா போதகரிடம். "எனக்குத் தர ஏலா."

"சரி அக்கா" என்றாள் உசாந்தினி. வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. போதகரின் மேசையில் இருந்த பென்சிலை எடுத்து, பாட்டுத் தாளின் இரண்டாவது சரணத்தில் நாலு இடத்தில் எழுதினாள். மேனுஜாவிடம் நீட்டினாள்.

நாலு இடத்திலும் ஒரே குறிப்பு: 'அல்ல – மேனுஜா அக்கா மட்டும்.'

"மத்த வரியெல்லாம் நான் பாடுவன்" என்றாள். "நீங்க இதை மட்டும் பாடுங்க. வேற ஒண்டும் வேணாம்."

"எத்தின கிழமைக்கு?"

"எனக்குக் கோவம் ஆறுமட்டும்."

மேனுஜா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "அந்த இடத்தில நான் கீழ் ஸ்தாயியில எடுத்தன். நீ மேல நிக்கிறதால அதுதான் பொருந்தும்."

"தெரியும்" என்றாள் உசாந்தினி. "வியாழக்கிழம மூண்டு மணிக்கு வாங்க. பிந்தாதீங்க."