இருபதாவது வரி

ஹட்டனில் இருந்து வந்த தாளில் இருபது வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் மலாய்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். இரண்டாவதில் தமிழ் அர்த்தம். ஜொகூரில் ஒரு தொழிற்சாலைக்கு வியாழக்கிழமை ஒன்பது பெண்கள் போகிறார்கள். ஞாயிறு மாலைக்குள் தாள் வேண்டும் என்று முகவர் மதுரன் சொல்லியிருந்தான்.

ஜெயந்தினி அதே தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இருந்தவள். கை கழுவு, வரிசையில் நில், கதவை மூடு. பத்தொன்பது வரிகள் காதில் இருந்தே வந்தன.

உள்ளே வருமுன் எல்லா நகைகளையும் ரிமூவ் செய்ய வேண்டும் என்றது இருபதாவது.

மலாயில் அதற்குப் பல சொற்கள். புவாங் என்றால் எறிவது, குப்பைக்கு. சாபுட் என்றால் பிடுங்குவது, ஆணிக்கு, பல்லுக்கு. செருப்புக்குப் புக்கா போதும். உடம்பில் போட்டிருப்பதை எடுத்து வைப்பதற்குத் தங்கல்கன். வாசலில் நின்ற காவல்காரி தினமும் காலையில் சொன்ன சொல். ஜெயந்தினி அதை முதல் கட்டத்தில் எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் பேனை நின்றது.

தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜெயந்தினியை விட இரண்டு வயது மூத்தவள். ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி.

“என்னாடி, இன்னும் மலாய்க்காரியாவே ஒக்காந்திருக்க?”

“கடைசி ஒண்ணு இருக்குக்கா.”

“சொல்லு. பத்தொன்பத முழுங்கிட்டேன். இதயும் முழுங்கிர்றேன்.”

“வாசல்ல ஒரு காவக்காரி நிப்பா. நகையெல்லாம் பாப்பா.”

“தோடுதானே? இந்தா, இப்பவே குடுத்திர்றேன். பித்தள.”

“தோடு மட்டும் இல்லக்கா.”

நாகலெட்சுமியின் கை கழுத்துக்குப் போனது.

“அடியே.”

“எல்லாருக்கும்தான். மிஷினுல மாட்டிக்கும்.”

“எங்க வீட்டு ஆளு குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. குடிச்சிட்டு கெடந்தாலும் இருக்காரு. அந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்காத. அதுலயும் நீ பேசவே கூடாது.”

சொன்ன பிறகு நாகலெட்சுமி வாயை மூடிக்கொண்டாள். கீழே வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. கிளம்பியது. லயத்துக்கு முன்னால் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

ஜெயந்தினிக்கும் முதல் நாள் அந்தச் சொல் புரியவில்லை. காவல்காரி கழுத்தைக் காட்டினாள். பிறகு கத்தரிக்கோலைக் காட்டினாள். பின்னால் நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் தாலிக் கயிற்றைத் தலைக்கு மேலால் எடுத்து, சவர்க்காரப் பெட்டியில் வைத்து, லாக்கரில் பூட்டினாள். சாயந்தரம் மறுபடி போட்டுக்கொண்டாள்.

“காவக்காரி கத்தரிக்கோல் வச்சிருப்பாக்கா. புரியலைன்னா வெட்டிருவா.”

நாகலெட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். 

“சுதாகரன் செத்தப்ப உன் கழுத்துல கெடந்தத அங்க யாருடி எறக்குனா?”

ஜெயந்தினி அங்கே போன எட்டாவது வருடம் காய்ச்சலில் மூன்று நாளில் போனவன் அவள் புருஷன். தோட்டமே சேர்ந்து புதைத்தது. பதினாறாம் நாள் காரியமும் அவள் இல்லாமல் முடிந்தது. பதினொரு மாதம் கழித்து வெறும் கழுத்தோடு வந்து இறங்கினாள்.

“யாரும் இல்லக்கா.”

“யாரும் இல்லன்னா?”

“காலையில டீ குடிக்கிறப்ப போன் வந்துச்சு. அது அப்பவே லாக்கர்ல இருந்துச்சு. ஆறு மணிக்கு வேல முடிஞ்சு தொறந்து பாத்தேன். போட்டுக்கணுமா வேணாமான்னு தெரியல. கேக்கவும் ஆளில்ல. அப்படியே மூடிட்டேன்.”

“இங்க வந்து சொல்லியிருக்கலாமே.”

“யாரும் கேக்கலக்கா. அங்கயே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிட்டீங்க.”

ஜெயந்தினி எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, துணிகளுக்குக் கீழே கையை விட்டு, நீல நிறச் சவர்க்காரப் பெட்டியை எடுத்தாள். மஞ்சள் மங்கிய கயிறு. அதைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டாள்.

“ஐயோ, என்னாடி பண்ற!” நாகலெட்சுமி வாசல் வரை போனாள். வெளியே போகவில்லை.

“ஒருதடவதான் காட்டுவேன். பாருங்க.”

ஜெயந்தினி நேராக நின்றாள். இரண்டு கையாலும் கயிற்றைத் தூக்கினாள். கொண்டையில் சிக்கியது. நாகலெட்சுமியின் கை பாதி தூரம் வந்தது. பிறகு முந்தானைக்குள் போய்விட்டது. ஜெயந்தினி தானே விரலால் தேடி விடுவித்தாள். இரண்டு மூன்று முடிகள் கயிற்றோடு வந்தன.

“தங்கல்கன்,” என்றாள்.

நாகலெட்சுமி தரையைப் பார்த்தபடி திருப்பிச் சொன்னாள். “தங்கல்கன்.”

பிறகு கேட்டாள். “அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

தாலியைத் தாளின் மேல் வைத்துவிட்டு ஜெயந்தினி பெட்டியை நீட்டினாள். “இதுல வைங்கக்கா. லாக்கர்ல ஈரம். கயிறு நனைஞ்சா வாட வரும்.”

நாகலெட்சுமி வாங்கவில்லை. வாங்காமல் போகவும் இல்லை.

“கழுவிக் குடுடி.”

ஜெயந்தினி தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். பெட்டியை மண் போட்டுத் தேய்த்தாள். மூடியைத் தனியாகத் தேய்த்தாள். சேலையில் துடைத்துக் கொடுத்தாள். நாகலெட்சுமி அதை வாங்கிக்கொண்டு, “சோறு வடிக்கணும்,” என்று போய்விட்டாள்.

தாளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்குத் தாலியைத் தாளில் இருந்து எடுக்க வேண்டும். எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் படம் எடுத்தாள்.

ஐந்து நிமிடத்தில் மதுரன் கூப்பிட்டான்.

“அக்கா, கடைசியில ஒரு கட்டம் வெறுமையா இருக்கே.”

“ஆமா தம்பி. நாகலெட்சுமி அக்காவுக்குச் செஞ்சே காட்டிட்டேன்.”

“மத்த எட்டுப் பேருக்கும் எப்படிங்க வெளங்கும்? நீங்க ஒருநாள் ஹட்டனுக்கு வந்து செஞ்சு காட்டுறீங்களா?”

“அது முடிஞ்சிருச்சு தம்பி.”

“அப்ப என்னாக்கா எழுதுறது?”

கயிறு கைக்குள் ஈரமாகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி பானையை இறக்கும் சத்தம் கேட்டது.

“கழட்டுன்னு எழுதிக்க,” என்றாள் ஜெயந்தினி.

“அம்புட்டுத்தானா?”

“ம்.”

அவன் வைத்துவிட்டான்.