என் பெயரில் ஒரு சிவப்பு நூல்

எங்கள் மங்களூர் அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் நூல்காரி. நாங்கள் செய்வது பேருந்து முன்பதிவு மென்பொருள். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சுவர்ப் பலகையில் ஓர் அட்டை உண்டு. ஒரு பகுதி இன்னொன்றுக்குள் திருட்டுத்தனமாகக் கையை நுழைத்து எதையாவது எடுத்தால், திங்கட்கிழமை ஓடும் சோதனை நிரல் காட்டிக்கொடுத்துவிடும். உடனே இரண்டு அட்டைகளுக்கும் நடுவே சிவப்பு நூல் கட்டுவேன். அப்படி நிரல் எழுதியவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் சூடாகக் கோளிபஜே என்கிற மங்களூர் போண்டா வாங்கித் தர வேண்டும்.

மூன்று வருடத்தில் அதிகம் வாங்கித் தந்தவன் என்னோடு வேலை செய்யும் தீரஜ் காமத். நான் ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன மாதம் ஒரு படகுக் கம்பெனி எங்கள் கட்டணப் பகுதியை மட்டும் கேட்டது. வியாழக்கிழமை தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

“தனியா வந்துடுமா சுப்ரபா?” என்றார் முதலாளி ஜெயராம் ஷெட்டி.

“வரும் சார். அதுல ஒரு நூல்கூட இல்லையே.”

“வரலேன்னா பலகையைக் கழட்டிடலாம். வாரத்துல அரை நாள் அதுக்கே போகுது.”

அந்தப் பலகைக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

புதன்கிழமை காலை கட்டணப் பகுதியைப் பிரித்து எடுத்து ஓட்டினோம். நின்றுவிட்டது. விடுமுறை நாள் பட்டியலை அது இருக்கைப் பகுதிக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

“உங்க நூலு கண்ணுக்கே தெரியலையே அக்கா,” என்றான் தீரஜ்.

சோதனை நிரலைத் திறந்தேன். ‘இதை மட்டும் இப்போதைக்குப் பார்க்காதே’ என்று ஒரு வரி இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தசரா நெரிசலில் எழுதியது. எழுதியவர் பெயர் சுப்ரபா.

“நீங்களா மாராய்ரே?” என்று ஊர்ப் பேச்சில் தீரஜ் போட்ட சத்தத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

நல்லவேளை, அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் என் நச்சரிப்பில் சுத்தமாக இருந்தது. அந்த வரியை அழித்து, பட்டியலை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுபடி ஓட்டினோம். படகுக் கட்டணம் திரையில் வந்ததும் முதலில் மேசையைத் தட்டியவன் தீரஜ்தான்.

ஷெட்டி நேராகப் பலகையிடம் போனார். கழட்டத்தான் போகிறார் என்று பின்னாலேயே போனேன்.

“நூல் எங்கம்மா?”

கொடுத்தேன். கட்டணம், இருக்கை அட்டைகளுக்கு நடுவே அவரே கட்டி, என் பெயர் எழுதிய சீட்டையும் தொங்கவிட்டார்.

“இது இங்கேயே இருக்கட்டும், பலகையும்தான். நாம பதினாலு பேரு. கோளிபஜே ஆறிடாம கொண்டு வா.”

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்கு ஓடினேன்.