பூஜையில் வைத்த சாவி

சேஷாத்ரியிடம் ஒரு நீலப் பெட்டி ஃபைல் உண்டு. வங்காளத்தில், கார்டன் ரீச் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றபோது கம்பெனி கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மச்சினன் தலையில் கட்டிவிட்டு, இந்த ஃபைலை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருப்பதெல்லாம் மனிதர்கள் தாங்களே தேடிக்கொண்ட விபத்துகள். டிரம்மில் பெட்ரோல் மிச்சமிருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்த்தவன். கயிறு தாங்குமா என்று தெரிந்துகொள்ள மூன்றாம் மாடியிலிருந்து தானே தொங்கிப் பார்த்தவன். மின்கம்பியில் மாட்டிய காற்றாடியை எடுக்க மூங்கில் கழி எட்டவில்லை என்று அதன் நுனியில் இரும்புக் கம்பியைக் கட்டியவன்.

பேப்பரில் இந்த மாதிரி ஏதாவது வந்தால் கத்திரித்து ஒட்டுவார். ஒட்டிவிட்டு, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து யோசிப்பார். அந்தக் கடைசி நிமிஷத்தில் அந்த ஆள் என்னதான் நினைத்திருப்பான்? அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள அப்படியோர் ஆவல்.

"எப்படிடி ஒருத்தனுக்கு இப்படித் தோணும்?" என்று மனைவி சகுந்தலாவைக் கேட்பார்.

"உங்களுக்குத் தோணாதாக்கும்" என்பாள் அவள், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

ஃபைலின் அடியில் ஒரு ரிப்போர்ட்டின் கார்பன் நகல் கிடந்தது. ஹரிபதோ மண்டல் என்ற தொழிலாளி நாற்பதடி உயரச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோன விவகாரம். காரணம் என்ற கட்டத்தில், மற்ற எல்லா ரிப்போர்ட்டிலும் போல, 'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு' என்று சேஷாத்ரி டைப் அடித்திருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த ஆளின் மனைவி பட்டறைக்குப் பக்கத்து மேடியாபுரூஸிலிருந்து ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இடுப்பில் பெல்ட் இல்லாமல் அவரை மேலே ஏறச் சொன்னது யார், பாபு?" எல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரிப்போர்ட்டில் அது இல்லை. எப்படி என்று துருவித் துருவிக் கேட்கிற மனிதர், யார் என்ற கேள்வி வந்தால் மட்டும் ஃபைலை மூடிவிடுவார்.

இந்த வருஷம் அவர் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரும் ஆகிவிட்டார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் நாலு மாடிப் பழைய கட்டடம். கம்பிக் கதவு போட்ட, உள்ளே நிற்பவர்கள் வெளியே தெரிகிற அந்தக் காலத்து லிஃப்ட். பொறுப்பேற்ற அன்றே மொட்டைமாடி மெஷின் ரூம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் அந்த அறையைத் திறந்து முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் மூன்று மொழியில் எழுதி ஒவ்வொரு மாடியிலும் ஒட்டினார். 'லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே நிற்கும்போது யாரையும் வெளியே இழுக்காதீர்கள்' என்ற வரி மட்டும் சிவப்பு மசியில்.

போன மாதம் லிஃப்ட் கதவின் ஸ்விட்ச் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது என்பதற்காக வைத்த ஸ்விட்ச் அது. இப்போது கதவை மூடினாலும் நகரமாட்டேன் என்றது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், துர்கா பூஜை முடிந்துதான் வருவேன் என்றான். "அதுவரைக்கும் ஒரு தகரத் துண்டைச் செருகி வை" என்று வாசல் காவல்காரர் ராம்பிலாஸிடம் சேஷாத்ரி உத்தரவு போட்டார். அதன் பிறகு கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் லிஃப்ட் ஓடியது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றே கத்திரித்து ஒட்டியிருப்பார்.

நவமியன்று சரஸ்வதி பூஜை. கொலுவுக்கு முன்னால் பலகை போட்டு, புத்தகங்களை அடுக்கி, தம் மசிப் பேனா, ஸ்பானர், திருப்புளி, குறடு, கத்தரிக்கோல் என்று வீட்டில் இருந்த அத்தனை ஆயுதங்களையும் வைத்தார். கடைசியில் மெஷின் ரூம் சாவிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு மேலே வைத்தார்.

"அது எதுக்கு? அவசரத்துக்கு வேண்டாமா?" என்றாள் சகுந்தலா.

"வருஷம் பூரா நம்மளைக் காப்பாத்தறது. அதுவும் ஆயுதம்தானே."

பகல் பன்னிரண்டு மணிக்கு, பித்தளை அடுக்கு நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டலை எடுத்துக்கொண்டு, கீழ்த்தளத்து விஜயலக்ஷ்மி வீட்டுக்குக் கொடுக்க சகுந்தலா லிஃப்டில் ஏறினாள். முழங்கால் வலிக்காரி, படி இறங்க முடியாது. லிஃப்ட் அவர்கள் வீடு இருந்த மூன்றாம் மாடியைவிட்டு நாலடி இறங்கியிருக்கும். கரண்ட் போயிற்று. எதிரே துர்கா பூஜைப் பந்தலில் அலறிக்கொண்டிருந்த மைக்கும் சட்டென்று வாயை மூடியது.

"ஏன்னா! நடுவுல மாட்டிண்டுட்டேன்!"

சேஷாத்ரி ஓடிவந்து பார்த்தார். கம்பிக் கதவுக்குப் பின்னால், மூன்றாம் மாடித் தரைக்கு மேலே, அவள் தலை மட்டும் தெரிந்தது. பாவம், அவருக்கு முதலில் வந்தது பழைய உற்சாகம்தான்.

"குலுங்கித்தா? ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"இப்ப விசாரணை வேறயா? போய்ச் சாவியைக் கொண்டுவாங்கோ."

அப்போதுதான் சாவி எங்கே இருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

"பூஜையில வெச்சிருக்கேனே. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆகாம எடுக்கப்படாது."

"சரஸ்வதி ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. எடுங்கோ!"

"அம்பது வருஷமா எடுத்ததில்லை. விதின்னா விதிதான்."

நாலாம் மாடி மித்ரா பாபு, வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், குடையை ஊன்றிக்கொண்டு படியிறங்கி வந்தார். கீழிருந்து ராம்பிலாஸும் மூச்சு வாங்க ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மித்ரா பாபுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சேஷாத்ரி-தா, பௌதியை நாளைக்குக் காலை வரை இங்கேயே வைத்திருக்கப் போகிறீர்களா?" என்று வங்காளியில் கேட்டார். சேஷாத்ரி அவருக்கு தா, அண்ணன்; சகுந்தலா பௌதி, அண்ணி.

சகுந்தலா கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாருங்கோ, சர்க்கரை உடம்பு. எனக்கு அவசரமாப் போகணும். ரொம்ப நாழி தாங்காது."

சேஷாத்ரிக்கு வியர்த்துவிட்டது. நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள், ஊரார் முன்னால் அவமானப்பட்டுவிடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்திலாவது நாலெட்டு உள்ளே போய்ச் சாவியை எடுத்திருக்கலாம். மனிதர் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"கதவைத் திறந்து மேல தூக்கிடறேன். நாலடிதானே?"

மித்ரா பாபு பக்கத்துச் சுவரைப் பார்த்தார். சிவப்பு மசி வரியை வங்காளியில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"அது பொதுவா எழுதினது" என்றார் சேஷாத்ரி. "நவமியும் அதுவுமா எந்த எலக்ட்ரீஷியன் வரப்போறான்? சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராது."

பந்தலின் மைக்கும் இந்தக் கட்டடத்து ஃப்யூஸிலிருந்துதான் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். சங்கத்தின் சார்பில் அனுமதி கொடுத்தவரே அவர்தான். பூஜைப் பந்தலின் மைக்கைப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஊமையாக விடுகிற ஊரா இது? அந்த எண்ணம் மட்டும் அவர் தலைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

திருப்புளி, குறடு எல்லாம் சரஸ்வதியிடம். ஆகவே மித்ரா பாபுவின் குடைக் கம்பியைக் கதவிடுக்கில் விட்டுக் கொக்கியைத் தள்ளினார்கள். கதவு விலகியது. உள்ளே தன் பக்கத்துக் கதவைச் சகுந்தலா திறந்துகொண்டாள்.

"முதல்ல இதைப் பிடியுங்கோ. சுண்டல்ல கால் பட்டுடும்."

"அதை ஓரமா வைடி! கையைக் குடு!"

அவள் அடுக்கை மூன்றாம் மாடித் தரை விளிம்பில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். சேஷாத்ரி மண்டியிட்டு மணிக்கட்டுகளைப் பிடித்து இழுத்தார். தலை வெளியே வந்தது, தோள் வந்தது. அப்போதுதான் எதிரே மித்ரா பாபுவும் ராம்பிலாஸும் கண்கொட்டாமல் நிற்பதை அவள் பார்த்தாள்.

"இருங்கோ இருங்கோ" என்று கையை உதறிக்கொண்டு மறுபடி உள்ளே இறங்கிவிட்டாள். "புடவையைத் தூக்கிண்டுன்னா ஏறணும்? அவா ரெண்டு பேரையும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்கோ."

"இப்போதான் உனக்கு இதெல்லாம் தோணணுமா?" என்று சேஷாத்ரி எரிந்து விழுந்தார். ஆனாலும் சொன்னார். இரண்டு பேரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அந்தக் கணத்தில் பந்தலில் மைக் கீச்சிட்டது. விளக்கு எரிந்தது. கரண்ட் போய் வந்தால் நேரே கீழ்த்தளத்துக்குப் போவது அந்த லிஃப்டின் வழக்கம். இரண்டு கதவும் ஆவென்று திறந்திருக்க, தகரத் துண்டின் புண்ணியத்தில், அது தன் வழக்கப்படி புறப்பட்டது. கூரையின் இரும்பு விளிம்பு இறங்கி வந்து பித்தளை அடுக்கின் மேல் உட்கார்ந்தது. அடுக்கு ஒரு தரம் முனகிற்று. பிறகு தோசைக்கல் போலத் தட்டையாகி இந்தப் பக்கம் துள்ளி விழுந்தது. லிஃப்ட் கீழே போய்விட்டது.

கொண்டைக்கடலை படியெல்லாம் உருண்டது. சேஷாத்ரி நீட்டிய கையை மடக்காமல் மண்டியிட்டபடியே இருந்தார். அரை நிமிஷத்துக்கு முன் அந்த அடுக்குக்குப் பக்கத்தில், அதே விளிம்பில்தான் சகுந்தலாவின் கழுத்து இருந்தது.

எப்படிப் படியிறங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்து கிடந்தது. உள்ளே ஒற்றைச் செருப்பு. "சகுந்தலா!" என்று அவர் போட்ட சத்தத்தில் விஜயலக்ஷ்மி கதவைத் திறந்தாள்.

"மாமி பாத்ரூம்ல இருக்கா மாமா. வந்ததும் வராததுமா உள்ள ஓடிட்டா."

விஜயலக்ஷ்மி வீட்டு பாத்ரூம் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சேஷாத்ரி அழுதார். வெட்கமே படாமல் அழுதார். உள்ளேயிருந்து தண்ணீர் விழும் சத்தமும், "இங்கயுமா வந்து நிக்கணும்?" என்ற குரலும் வந்தன. அவர் வாழ்நாளில் அதைவிட இனிமையான குரலைக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் மித்ரா பாபு வந்தார். லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு விபத்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், கரண்ட் கோளாறு என்று எழுதிவிட்டால் போயிற்று என்றார். காபியைக் குடித்துவிட்டு, "இல்லையென்றால், பௌதி அவசரப்பட்டு வெளியே வரப் பார்த்தார் என்று போடுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?" என்றும் சொல்லிவிட்டுப் போனார். சேஷாத்ரிக்குச் சுருக்கென்றது. அந்த வாக்கியத்தை முப்பத்தோரு வருஷம் டைப் அடித்தவர் அவர்.

மறுநாள் விஜயதசமி. காலையில் புனர்பூஜை முடிந்தது. அன்று பூஜையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பது வழக்கம். முதலில் எழுதுவதுதான் வருஷம் முழுக்கக் கூட வரும் என்பார்கள். வருஷா வருஷம் ஸ்ரீராமஜெயம் எழுதுவார். இந்த வருஷம் முதலில் சாவியை எடுத்து, வாசலில் எல்லோருக்கும் தெரிகிற ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். தகரத் துண்டை நேற்றே பிடுங்கியாயிற்று. பிறகு நீலப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த கார்பன் நகலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் கடைசி நிமிஷத்தில் அந்த ஆள் என்ன நினைத்திருப்பான் என்பது அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்திருப்பான். அவரும் அப்படித்தான் நினைத்தார். நேற்று மட்டும் இல்லை. பட்டறைக்குப் புது பெல்ட் இருபது வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை அழுக்குப் படக் கூடாது என்று அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டியவர் அவர். பழைய பெல்ட் அறுந்துவிட்டதே என்று வந்து நின்ற ஹரிபதோவிடம், ஒரு நாளைக்குச் சமாளி, மெல்ல ஏறு என்று சொன்னவரும் அவர்.

'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே சந்தனம் ஒட்டிய பேனாவால் வங்காளியில் எழுதினார்: 'பெல்ட் இல்லாமல் ஏறச் சொன்னது நான். பெல்ட்டைப் பூட்டி வைத்ததும் நான்.' கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

சகுந்தலா பின்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். 

"அந்தப் பொம்மனாட்டி இன்னும் அங்கதான் இருக்காளா?"

"தெரியலை. மேடியாபுரூஸ் போய் விசாரிக்கணும். இருபத்திரண்டு வருஷமாச்சு."

"கதவைச் சாத்திடுவா."

"சாத்தட்டும். கேட்டாளே, பதில் சொல்லணுமோல்லியோ."

சகுந்தலா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நேற்றுக் காலோடு வந்த ஒற்றைச் செருப்பையும் லிஃப்டிலிருந்து எடுத்துவந்த இன்னொன்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ எதுக்கு? முழங்கால் வலிக்கும். லிஃப்ட் வேற ஓடாது."

"தெரியும்" என்றாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். "மெல்லப் போங்கோ."