சத்தம் போடுறாங்க

என் கணவர் அமலதாஸ் மன்னார்க்காரர். ஹட்டனில் ஒரு பல்கலைக்கழகக் கற்கை நிலையத்தின் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தார். மாணவர்கள் பெட்டியில் போடும் குறைகளுக்கு அவரே பதில் எழுதி வாசலில் ஒட்டுவார். எந்தத் துண்டுக் காகிதத்தையும் பதில் எழுதாமல் வீசமாட்டார்.

அந்தத் தவணையில் ஒரு துண்டு வந்தது: ‘பொருளியல் புத்தகம் ஒண்ணுதான் இருக்கு. அதோட சத்தம் போடுறாங்க. படிக்க முடியல.’

கூடுதல் பிரதிகள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். வாசலில் பதில் ஒட்டினார்: புத்தகம் வரும், இனி நூலகத்தில் யாரும் வாய்விட்டு வாசிக்கக் கூடாது.

நூலகம் அமைதியானது. மூலை மேசையில் கூடும் மஸ்கெலியாத் தோட்டத்துப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இருந்த ஒரே புத்தகத்தைச் சுலக்ஷனா என்ற பெண் வாய்விட்டு வாசிக்க, மற்றவர்கள் எழுதிக்கொள்வார்களாம்.

"அந்தப் பிள்ளையள் ஏன் வரேல்லை எண்டு விளங்கேல்லை," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "முறைப்பாட்டுக்கு உடன நடவடிக்கை எடுத்தனான்." துண்டில் இருந்ததை அப்போதுதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அது இரைச்சல் இல்லீங்க. சத்தம் போடுறாங்கன்னா ஏசுறாங்க. உங்க லோஜினி அதுங்கள ஏசியிருப்பா."

லோஜினி அவருடைய உதவியாளர். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏசுறதை அப்பிடியோ சொல்லுறவை? நீர் ஒருநாளும் சொல்லேல்லையே."

சொன்னதில்லைதான். நான் மலையகத்தில், றொசல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் அவர் வீட்டார் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அதனால் என் சொற்கள் பலவற்றை விட்டுவிட்டு அவர்களுடையதை எடுத்துக்கொண்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "அப்ப, ஏச்சு வாங்கினதுகளின்ர வாயையும் நான் கட்டிப்போட்டன், என்ன?"

மறுநாளே பழைய பதிலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்: தவறாக விளங்கிக்கொண்டேன், மன்னியுங்கள், மூலை மேசையில் வாசிக்கலாம். லோஜினியையும் கண்டித்தார். ஆனால் அதற்குள் பரீட்சை முடிந்து விடுமுறை வந்துவிட்டது. அதைப் படிக்க யாரும் இல்லை. அந்த விடுமுறையிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

அண்மையில் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு தானாக வந்து பேசினாள். சுலக்ஷனா. பொருளியலில் சித்தியடையவில்லையாம், துணிக்கடையில் நிற்கிறாளாம். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அடக் கடவுளே! நாங்க சாரும் லோஜினி மிஸ் பக்கம்னுல்ல நெனச்சோம், ஆன்ட்டி. அந்தப் பதிலப் பாத்துட்டு கிஷாந்த் சொன்னான், இனி இங்க வந்தா நம்மள மாதிரி சொரண கெட்டதுங்க இல்லன்னு."

சிரித்தாள். பிறகு கேட்டாள்: "மறுபடி பரீட்சை எழுதலாம்னு இருக்கோம். இப்ப அங்க வாசிக்க விடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் இடத்துக்கு யார் வந்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

"போயி கேட்டுப் பாரும்மா," என்றேன்.

"பாப்போம், ஆன்ட்டி," என்று மஸ்கெலியா பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.