லேபிளுக்கு அடியில்

அந்த மருத்துவமனையில் அவளை அண்ணி என்று அழைக்காதவர் இல்லை. உண்மையில் அவள் ஒருத்திக்கு மட்டுந்தான் அண்ணி: மாடியில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த நாத்தனாருக்கு. நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அண்ணி சோதனை மாதிரிகள் வாங்கும் தரைத்தள ஜன்னலுக்குள் தலையை நீட்டி, வீட்டில் கூப்பிடுவது போலவே கூப்பிடப்போக, அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. வயதில் அவளுக்குத் தகப்பனாகத் தகுந்த வார்டு உதவியாளர்கூட அவளை அண்ணி என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது: கீழ்க்கோர்ட்டு. தரைத்தளத்து ஜன்னலில் தீர்ப்பு வந்துவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பது அந்தப் பெயருக்கு அவர்கள் சொன்ன விளக்கம்.

நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படும் இரத்தம், சளி, சதைத் துணுக்கு அனைத்தும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். குப்பியின்மேல் ஒட்டிய லேபிளும் கூட வந்த படிவமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் வாங்குவாள். லேபிள் கோணலாக இருந்தால் இயந்திரம் படிக்காது. மூடி தளர்ந்திருந்தால் வழியில் ஒழுகும். பெயரே இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. பெயர் இல்லாத இரத்தம் யாருடைய இரத்தமும் இல்லை என்று சொல்லி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். கெஞ்சினாலும் ஒன்றுதான், மிஞ்சினாலும் ஒன்றுதான். வெளியூர் ஆய்வகங்களுக்குப் போகவேண்டியவற்றை உறிஞ்சுதாளில் சுற்றி, ஒழுகாத பைக்குள் இட்டு, பையைக் கெட்டிப் பெட்டிக்குள் வைத்து, குளிர்க்கட்டி குப்பியை நேராகத் தொடாதபடி இடையில் அட்டை செருகி, நண்பகல் வண்டியில் ஏற்றுவதும் அவள் பொறுப்பே.

அன்று காலை வந்த குப்பி நாத்தனார் தானே எடுத்து அனுப்பியது. மாடியில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதத்தில் ஆண்குழந்தை இறந்து பிறந்திருந்தது. முன்பும் ஒரு குழந்தை அவளுக்கு இப்படியே போயிற்று. ஏன் என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் வாய்கள் சும்மா இருப்பதில்லை. பிள்ளையை வயிற்றில் தங்கவைக்கத் தெரியாதவள் என்று அவளுடைய மாமியார் வார்டிலேயே சொன்னதை நாத்தனார் காதால் கேட்டிருந்தாள். இந்த முறை விடையைத் தேடிப் பார்த்தே தீருவது என்று முடிவுசெய்த டாக்டரம்மா, நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். அங்கே அதன் உயிரணுக்களை வளர்த்துப் பார்த்து, குரோமோசோம் என்னும் வம்சாவழிக் கூறுகளில் கோளாறு உண்டா என்று சொல்வார்கள். வளர்க்க வேண்டுமானால் அவை உயிரோடு போய்ச் சேரவேண்டும். ஆகவே துணுக்கைச் சலைன் என்னும் வெறும் உப்புநீரில்தான் இடவேண்டும்.

அண்ணி குப்பியைக் கையில் எடுத்தாள். லேபிள் அளவெடுத்து ஒட்டியது போல நேராக இருந்தது. தாயின் பெயர், எண், தேதி, எடுத்தவர் கையொப்பம், எதிலும் ஓர் எழுத்துப் பிழை இல்லை. மூடி இறுகியிருந்தது. படிவத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கப்போனவள், கட்டைவிரலை லேபிளின் ஓரத்தில் இன்னொரு முறை ஓட்டினாள். ஒரு தாளின் கனம் இல்லை அது. அடியில் இன்னொரு தாள் இருந்தது.

ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினாள். அடியில் மஞ்சள் முக்கோணமும் அதன் கீழ் ஃபார்மலின் என்ற சொல்லும் தெரிந்தன.

சதையை அழுகாமல் பதப்படுத்தும் மருந்து ஃபார்மலின். கட்டிகளை அரிந்து பார்க்கும் சோதனைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அதில் பட்ட உயிரணு ஒன்றுகூடப் பிழைப்பதில்லை. சலைன் குப்பியும் ஃபார்மலின் குப்பியும் ஒரே அளவு, ஒரே நிறமற்ற திரவம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது குப்பியின் சொந்த எழுத்து ஒன்றுதான். நாத்தனார் தவறான குப்பியை எடுத்ததோடு, அந்த எழுத்தின்மேலேயே நோயாளியின் லேபிளையும் ஒட்டிவிட்டாள். சிறப்பாக ஒட்டியிருந்தாள். அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை.

கிளப்பிய ஓரத்தை அண்ணி விரலால் அழுத்தினாள். அது முன்போலவே படிந்துகொண்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாத்தனார் உடைத்தால் என்ன குடம் என்று எந்தப் பழமொழியும் சொல்லி வைக்கவில்லை. அவள் தொலைபேசியை எடுத்து வார்டுக்குப் பேசினாள்.

நாத்தனார் சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தாள். "கீழ்க்கோர்ட்டுல இன்னைக்கு என்ன வழக்கு அண்ணி? என் லேபிள்லயே குத்தம் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அண்ணி லேபிளின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

நாத்தனார் குனிந்து அந்தச் சொல்லைப் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். மீதி நஞ்சுக்கொடி எங்கே என்று அண்ணி கேட்டதற்கு, அது வேறு சோதனைக்காக முறைப்படியே ஃபார்மலின் வாளியில் போய்விட்டது என்றாள். ஆக, வளர்த்துப் பார்க்க இனி எதுவும் மிச்சமில்லை. குழந்தையைச் சற்று நேரத்தில் வீட்டுக்கு எடுத்துச் செல்லப்போகிறார்கள். அதன்மேல் கத்தி படக்கூடாது என்று பெற்றவர்கள் முன்னமே சொல்லிவிட்டார்கள்.

"அனுப்பிடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார், தலை நிமிராமல். "வளரலைன்னு ரிப்போர்ட் வரும். நல்லா எடுத்து அனுப்பினதே எத்தனையோ வளராம போயிருக்கு. யாருக்கும் தெரியாது."

"அந்தப் பொண்ணுக்கும்தான் தெரியாது. ஏன் போச்சுன்னு கடைசிவரைக்கும் தெரியாது."

"வேலைக்குப் பயந்து சொல்றேன்னு நினைக்கிறீங்களா? வலி எடுத்ததுலேர்ந்து அவ என் கையை விடவே இல்ல. நீங்களே எடுத்து அனுப்புங்க சிஸ்டர், வேற யார் கையிலயும் குடுக்காதீங்கன்னு சொன்னா. அவகிட்ட போய் நான் என்னன்னு சொல்லுவேன்?"

அண்ணி குப்பியை எடுத்துத் திருப்பி அனுப்பும் தட்டில் வைத்தாள். வேறு யாருடையதாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பாள். பிறகு எழுந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாத்தனாரின் தோளில் கை வைத்து, "வா, டாக்டரம்மாகிட்ட போவோம். நானும் வரேன்" என்றாள்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நாத்தனாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார். குழந்தையின் தொப்புளில் கவ்வி போட்ட இடத்துக்கு வெளியே கொடி இன்னும் ஒரு விரல் நீளம் நிற்கிறது, அதிலிருந்து ஒரு துண்டு போதும், உடம்பில் கத்தி படாது என்றார். ஆனால் தாய் சம்மதிக்க வேண்டும். தானே போய்க் கேட்பதாகவும், யார் செய்த தவறு என்பதை இந்த நேரத்தில் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார். நாத்தனார் மறுத்தாள். அதைத் தன் வாயால்தான் சொல்லவேண்டும் என்றாள்.

மூவரும் வார்டுக்குப் போனபோது அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து, துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்திருந்தாள். மாமியார் கால்மாட்டில் நின்று துணிமணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் வண்டி கொண்டுவரப் போயிருந்தான். அண்ணியின் கையில் லேபிள் ஒட்டாத புதிய குப்பி இருந்தது. எடுத்த பிறகு, எடுத்த இடத்திலேயே ஒட்டுவதுதான் முறை.

"காலையில எடுத்ததை நான் தப்பான மருந்துல போட்டுட்டேன்," என்றாள் நாத்தனார். "இனிமே அதுலேர்ந்து ஒண்ணும் தெரியாது. தப்பு என்னோடது."

மாமியார் பையைக் கீழே வைத்தாள். "நீதானேம்மா நான் பாத்துக்கிறேன், நான் பாத்துக்கிறேன்னு சொன்ன? பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

அதற்கு மேல் திட்ட மாமியாருக்குப் பிடி கிடைக்கவில்லை. டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கொடியைப் பற்றி எடுத்துச் சொன்னார். வெட்டுவது குழந்தையின் உடம்பை அல்ல என்பதையும், இதிலும் விடை கிடைக்காமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், பிள்ளையை நிம்மதியாகப் போகவிடுங்கள், பட்டது போதாதா என்று மாமியார் பக்கத்தில் முணுமுணுத்தாள்.

அந்தப் பெண் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "முதல் குழந்தை போனதுலேர்ந்து ஏன் போச்சு, ஏன் போச்சுன்னு நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்க அத்தை. ஒரு தடவை நானும் கேட்டுக்கிறேன்."

பிறகு அண்ணியை நோக்கிக் கை நீட்டினாள். குப்பியைப் பார்க்க வேண்டும் என்றாள். மூடியை மட்டும் திறக்கக்கூடாது, மூச்சுக்காற்று பட்டாலும் கெட்டுவிடும் என்று சொல்லி அண்ணி கொடுத்தாள். அந்தப் பெண் குப்பியைச் சுற்றித் திருப்பி, அதன்மேல் அச்சிட்டிருந்த ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்தாள். சலைன் என்பதை இரண்டு முறை படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, குழந்தையின் வயிற்றருகே துணியைத் தானே விலக்கினாள்.

டாக்டரம்மா வெட்டினார். நாத்தனார் குப்பியைப் பிடித்திருந்தாள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று அவள் முறைப்படி கேட்க, அந்தப் பெண் சொல்ல, லேபிளை எழுத்தில்லாத பக்கமாகப் பார்த்து ஒட்டினாள். துணியை மறுபடி மூடுவதற்கு மாமியார் உதவி செய்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

குப்பி நண்பகல் வண்டியில் போயிற்று. நாத்தனார் அன்றே தலைமை நர்ஸிடம் நடந்ததைச் சொல்லி மெமோ வாங்கிக்கொண்டாள். வார்டிலிருந்து அவளை எடுத்து, தரைத்தளத்தில் இரத்தம் எடுக்கும் அறையில் போட்டார்கள். அது அண்ணியின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. பக்கத்தில் வந்ததால் பேச்சு கூடிவிடவில்லை. வீட்டிலும் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "என்ன, மேல்கோர்ட்டுக்கும் கீழ்க்கோர்ட்டுக்கும் ஒரே சமயத்துல லீவா?" என்று அண்ணியின் கணவன் கேட்டுப் பார்த்தான். தங்கையும் சிரிக்கவில்லை, மனைவியும் சிரிக்கவில்லை. நாத்தனாரின் கோபம் தன்மேல் அல்ல, அவள்மேலேயேதான் என்பது அண்ணிக்குத் தெரியும். இருந்தாலும் தன்மேல் வரும் கோபத்தை எவரும் தன் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் இறக்கி வைக்கிறார்கள். இறக்கி வைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பல வாரங்கள் கழித்து ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. அணுக்கள் வளர்ந்திருந்தன. குழந்தையின் வம்சாவழிக் கூறு ஒன்றில் ஒரு துண்டு இடம் மாறி ஒட்டியிருந்ததாம். அது தாயிடமிருந்தும் வந்திருக்கலாம், தகப்பனிடமிருந்தும் வந்திருக்கலாம், யாரிடமிருந்தும் வராமல் தானாகவும் நேர்ந்திருக்கலாம். எதுவென்று அறிய இருவரின் இரத்தமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தகவலைக் கேட்டதும் நாத்தனார் எதிர் அறையிலிருந்து வந்து ஜன்னலருகே நின்றாள். "வளர்ந்துடுச்சா அண்ணி?" என்றாள். "வளர்ந்துடுச்சு," என்றாள் அண்ணி. அவ்வளவுதான் பேசினார்கள்.

இரத்தம் கொடுக்கக் கணவனும் மனைவியும் வந்த அன்று, அழைக்காமலே மாமியாரும் உடன் வந்திருந்தாள். நாத்தனாரைக் கண்டதும் அந்தப் பெண் வேறு யாரையும் தேடாமல் அவள் முன்னே உட்கார்ந்து கையை நீட்டினாள். இரண்டு பச்சைமூடிக் குழாய்கள் நிரம்பின. அவரவர் வாயால் பெயரைச் சொல்லச் சொல்லி, அவரவர் கண்முன் லேபிள் ஒட்டி, நாத்தனார் ஜன்னலில் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணி சரிபார்த்து வாங்கிக்கொண்டாள். தம்பதி பெஞ்சில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மாமியார் ஜன்னலுக்கு வந்தாள். பேசுவதற்கு முன் ஒரு முறை திரும்பி மருமகளைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கும் எடுக்கணும்."

"உங்களுக்கு டாக்டர் எழுதலையேம்மா. எழுதாம நாங்க எடுக்கக் கூடாது."

"அவன் என் வயித்துலேர்ந்து வந்தவன்தானே? அவன்கிட்ட இருந்தா அது எங்கேர்ந்து வந்திருக்கும்?"

அவர்கள் இருவருடையதும் முதலில் வரட்டும், பிறகு தேவைப்பட்டால் டாக்டரே கேட்பார் என்று அண்ணி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்; கேட்டும் நகரவில்லை.

"எழுதிக் குடுத்தா எடுப்பீங்கல்ல?"

"எடுப்போம்."

"அந்தம்மா ரூம் எந்தப் பக்கம்?"

அண்ணி மாடிப்படியைக் காட்டினாள். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் சற்று நின்று நின்று ஏறத் தொடங்கினாள். பெஞ்சில் இருந்த மருமகள் எழுந்துவிட்டாள். முழங்கையில் இருந்த பஞ்சை விடாமல், மற்றொரு கையால் கிழவியின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக் கூடவே ஏறினாள்.

வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று அண்ணியைக் கூப்பிட்டார். எதிர் அறையில் நாத்தனார் இன்னொரு பச்சைமூடிக் குழாயை எடுத்து, லேபிள் ஒட்டாமல் தட்டில் வைத்தாள். அண்ணி பெட்டியின் மூடியை ஒட்டாமலே வைத்துக்கொண்டு, வண்டிக்காரரைச் சற்று உட்காரச் சொன்னாள்.