கொசுவின் கை

ஆய்வகக்காரருக்குக் கொசு என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவர் உருவம் அல்ல. அவர் ஊசி குத்தினால் குத்தினதே யாருக்கும் தெரியாது. ஒருமுறை நிஜக் கொசு ஒன்றிடமே ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பினார். அது இரண்டு நிமிடம் சமர்த்தாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட கை அன்று நடுங்கியது. படுத்திருந்தவள் அவர் மனைவி. ஏழு மாதம். முகம் வீங்கி, ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது.

"என்னங்க, ரத்தம் எடுக்கறீங்களா, கிணறு வெட்டறீங்களா?" என்றாள்.

குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்தார். அணுக்கள் அடியில் தங்கி, மேலே நிற்கும் நீர் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தது.

டாக்டரம்மா முடிவுத் தாளைப் பார்த்தார். "ஈரல் என்சைம் நாலு மடங்கு. இது நிஜம்னா பிள்ளையை இப்பவே எடுத்தாகணும். ஒரு கிலோ தேறாது."

"என் தப்பும்மா. பதட்டத்துல ஊசியை வேகமா இழுத்துட்டேன். ரத்த அணு உடைஞ்சு என்சைம் வெளிய கொட்டிடுச்சு."

"இந்த பிரஷர் நோயும் அணுவை உடைக்குமே. உடைச்சது நீங்களா, அதுவா?"

"அவர் கையில தப்பு வராது டாக்டர்," என்றாள் மனைவி, விட்டுக்கொடுக்காமல்.

"நீ கொஞ்சம் சும்மா இரேன்!" என்றார் கொசு.

இரண்டாம் குழாய்க்கு, அவர் கை படாமல், நர்ஸ் ரத்தம் எடுத்தாள். இயந்திரம் பத்து நிமிடம் சுழன்றது. பதினாறு வருஷத்தில் ஒரு தப்புகூட இல்லை என்று பீற்றிக்கொண்ட மனிதர், மூடிமேல் நெற்றியை வைத்துக் கெஞ்சினார்: தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும், வேலையே போகட்டும், மஞ்சளாக மட்டும் வரட்டும். குழாய் உள்ளே போகும்போது கறுப்பாயிருந்த அவர் மீசை, மூடியைத் திறக்கும்போது பாதி வெளுத்திருந்தது.

சிவப்பு. அதே சிவப்பு.

குழாயோடு ஓடினார். அதைப் பார்த்ததுமே டாக்டரம்மா கையுறை கேட்டார். மனைவி கணவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்ல," என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தள்ளுவண்டி அறுவை அறை வாசல் வரைக்கும் அப்படியே போனது. அங்கே நர்ஸ், "கொசு அண்ணே, விடுங்க," என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒவ்வொன்றும் ஊசி குத்தியதுபோல அவருக்குத் தெரிந்தது.