கந்தம்மாளின் கழுத்து

எழுபத்தாறாம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து நிமிர்ந்தபோது கந்தம்மாளின் கழுத்துத் தோல் தளர்ந்து இடுப்பு வரை இறங்கியது. வலியில்லை, ரத்தமில்லை. பரமத்தி வேலூரில் அந்த வாரம் வெற்றிலைக்கு நல்ல கிராக்கி. கணவர் வெங்கடாசலம் கொடிக்காலிலிருந்து வந்து, தோலை விரலால் தூக்கிப் பார்த்து, "நோவுதா?" என்று கேட்டார். இல்லையென்றதும் சாப்பிட உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. விசேஷ வீடுகளில் அட்டிகை போட்டுக்கொண்டு அவள் நுழைந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். இப்போது அதைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வாசல் தெளிக்கக்கூட ஆள் நடமாட்டம் பார்த்தே வெளியே வந்தாள்.

கத்தியில்லாத வைத்தியங்களை முதலில் பார்த்தார்கள். வாழப்பாடி வைத்தியர் முட்டை வெள்ளையில் படிகாரம் குழைத்துப் பற்றுப் போட்டார். காய்ந்திருக்கும்வரை தோல் ஏறி நின்றது, கழுவியதும் இறங்கியது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள். தாடை வரை ஏறிய தோல், திரும்பும் பஸ் நாமக்கல்லைத் தாண்டுவதற்குள் மடிக்கு வந்துவிட்டது. அதற்குள் மகள் வசந்தாமணிக்குத் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை அமைந்து, தையில் கல்யாணம் என்று பேசியாகிவிட்டது. கந்தம்மாள் அறுவை டாக்டர் கைலாசத்திடம் போனாள்.

"கட்டு, பத்து, கரண்டு எதுவும் நிக்காதுங்க. அறுத்துத் தெச்சா நிக்கும். ஆனா காதுக்குப் பின்னால தழும்பு இருக்கும். எத்தன வருசத்துக்கு நிக்கும்னும் நான் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் நின்னாப் போதுமுங்க" என்றாள்.

அறுத்தெடுத்ததை வெங்கடாசலம் காவிரியில் விட்டுவிட்டு வந்தார். கந்தம்மாளின் கழுத்து குமரியின் கழுத்தாக இருந்தது. கல்யாணத்தன்று விடியற்காலை அட்டிகையின் திருகைப் பூட்டும்போது, தையல் ஒன்றும் பிரியாமலேயே, தோல் பழையபடி இறங்கியது. மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வாழைத்தார் அடுக்கியிருந்த உள்ளறைக்குள் போய் அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

முகூர்த்தப் புடவையோடு வசந்தாமணி வந்து கதவைத் தட்டினாள்.

"ஏனுங்மா, தாரை வாக்கக் கூப்படறாங்க. கதவத் தொறங்க."

"மேலுக்கு முடியல கண்ணு. சித்தி நிப்பா, போ."

வெளியே வளையல் சத்தம் கதவோரம் கேட்டது. பிறகு போய்விட்டது. கெட்டி மேளத்தைக் கந்தம்மாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

தலைதீபாவளிக்கு மகள் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. "எங்கம்மாளுக்கு என்னைய விடக் கழுத்துதான் பெருசு" என்று அவள் சொன்னதாகப் பேச்சு வந்தது. அன்றிலிருந்து கந்தம்மாளுக்குக் கழுத்தை நினைத்துக் கூச்சமில்லை, அந்தத் தாழ்ப்பாளை நினைத்தால்தான் உடம்பு கூசியது. பேத்தி பிறந்தபோது வெங்கடாசலம் மட்டும் போய்ப் பார்த்து வந்தார். டாக்டர் இன்னொரு முறை அறுக்கலாமென்று சொல்லியனுப்பினார். அவள் போகவில்லை. இரண்டு வருடம் மழை பொய்த்தது. கொடிக்கால் காய்ந்து மறுபடி தளிர்த்தது.

எண்பத்துமூன்றில் ஒரு நாள், தோலை மறைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு கந்தம்மாள் பஸ் ஏறினாள். கண்டக்டர், "பாத்துங்கம்மா, கதவுல சிக்கீரும்" என்றார். திருச்செங்கோட்டில் மகள் கதவைத் திறந்ததும் கந்தம்மாள் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அன்னைக்கு எனக்குச் சீக்கொண்ணும் இல்ல சாமி. வெக்கம். சபையில என்னையப் பாத்துருவாங்கன்னு உன்னைய உட்டுட்டேன்."

 வசந்தாமணி அவளை உள்ளே அழைத்துப்போய் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தாள். வெகுநேரம் கழித்து, மடிந்து கிடந்த தோலைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடியில பூரா வேக்குரு. பவுடர் போடறதில்லீங்களா?" என்று கேட்டு, ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். கந்தம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த தையில் பேத்திக்குக் காது குத்தினார்கள். முன்வரிசையில், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்து, "அம்மா, கழுத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துப் போடுங்க, பாப்பா மறையுது" என்றார்.

அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.